பன்னிரண்டாவது வரியில் ஓர் உதறல்

வீட்டுப்பாடம் எழுத என் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மேசை இருந்தது. எனக்கு ஒரு கார் இருந்தது.

பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, பையின் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். என் அம்மா கார் ஓட்டக் கற்றுத் தருபவர். பள்ளி விட்டதும் என்னை ஏற்றிக்கொள்வார். பிறகு ஓட்டப் பழகுபவரை ஏற்றிக்கொள்வார். அவர் பழகி முடிப்பதற்குள் என் பாடம் முடிந்திருக்கும். அம்மாவிடம் பழகியவர்கள் எல்லோரும் என்னைப் 'பின்சீட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

காருக்கும் ஒரு பெயர் உண்டு. பொறுமை. நாள் முழுக்க யாராவது கியரை நறநறவென்று அரைத்தாலும், பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் அது கோபித்துக்கொண்டதே இல்லை. வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனை, முன்சீட்டின் முதுகில் நான் பேனாவால் வரைந்த மீன், அம்மாவின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்... இப்போது நினைத்தாலும் அந்த மாலை நேரங்களில் ஒன்றாவது திரும்பக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடம் எனக்கு ஒரு தொல்லை வந்தது. என் கையெழுத்து.

எங்கள் டீச்சருக்குச் சிவப்புப் பேனா என்றால் உயிர். எழுத்து கொஞ்சம் கோணினால் போதும், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுவார். என் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள். 'மரம்' என்று எழுதினால் கடைசி எழுத்துக்கு வால் முளைத்து அடுத்த வரிவரை ஓடியிருக்கும்.

"என்னம்மா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு!" என்றார் டீச்சர்.

"கார்ல எழுதினேன் டீச்சர்."

"கார் நின்னதுக்கு அப்புறம் எழுது."

கார் நின்ற பிறகு அம்மா என்னை வெங்காயம் உரிக்கச் சொல்லிவிடுவார். அதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அப்போது மாலையில் பழகிக்கொண்டிருந்தவர் தையல் அக்கா. எங்கள் தெருமுனையில் கடை வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் வேலைக்காகத் தூர தேசம் போனபோது தன் சின்ன வேனைத் தங்கையிடம் விட்டுப் போயிருந்தார். தங்கைக்கு ஓட்டத் தெரியாததால் அந்த வேன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கடை வாசலில் தூங்கியது. தையல் அக்காவோ பெரிய பெரிய துணிமூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார்.

"கண்டக்டர் என்னைப் பார்க்கறதே இல்ல பின்சீட்டு. மூட்டையைப் பார்த்துத்தான் தள்ளி நில்லுன்னு சொல்றார்," என்பார்.

சிரித்துச் சிரித்துப் பேசுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். "நான் மட்டும் பாஸாகட்டும், வேன்ல முதல் சுத்து உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் ஓட்டுநர் தேர்வுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் தோற்றிருந்தார். இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான். மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பி, மேலே ஏற வேண்டும். தையல் அக்கா கிளப்பியதும் பொறுமை உதறும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். பிறகு நின்றே போகும். தேர்வு அதிகாரி தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்.

மூன்றாவது தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை வழக்கம்போல் பழகப் போனோம். எங்கள் பாதை மாறவே மாறாது. விளையாட்டு மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம், பிறகு கடைவீதி, கடைசியில் ரயில் பாலத்து மேடு.

"முதல் கியர்ல போடு. கிளட்ச்சை மெதுவா விடு. மெதுவா... கால்! கால்!" என்று அம்மா கத்தினார்.

"மெதுவாத்தான் விடறேன் அக்கா!"

கடக், கடக், கடக். கார் உதறியது. என் பேனா நோட்டில் ஒரு மலையை வரைந்தது. பாலத்தின் நடுவில் பொறுமை நின்றுபோனது. பின்னால் வந்த வண்டிகள் ஆளுக்கொரு சுருதியில் ஹாரன் அடித்தன.

"அக்கா, ஒருவேளை வண்டியில ஏதாவது..." என்று தையல் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அம்மா. அது அவருக்குப் பிடித்த பழமொழி. ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்வார். "போன வாரம்தான் மெக்கானிக் பார்த்தார். வண்டியில ஒரு குறையும் இல்லைன்னுட்டார்."

பழகும் காருக்கு இது ஒரு வசதி. அது உதறினால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஓட்டுபவரின் காலைத்தான் குனிந்து பார்ப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் பேக்கரிக்காரரும் பல் டாக்டரும்கூட மேட்டில் திணறினார்கள். "இந்த வருஷம் வர்ற ஒருத்தருக்கும் கால் சரியில்ல" என்று அம்மா வீட்டில் வந்து அலுத்துக்கொண்டார்.

தையல் அக்கா அன்று அதற்குமேல் ஓட்டவில்லை. அம்மாதான் கடை வாசலில் கொண்டுவந்து விட்டார். தையல் அக்கா இறங்கி, வேனின் தார்ப்பாய்க்கு மேல் கையை வைத்தபடி நின்றார்.

"சனிக்கிழமை நான் வரலக்கா."

"என்ன பேச்சு இது?"

"இந்த வேனை ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன். என் காலுக்குத் தையல் மிஷின்தான் லாயக்கு." பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "பின்சீட்டு, உன்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். கோச்சுக்காதே, என்ன?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் நோட்டை விரித்தேன். வட்டம் போட்ட எழுத்தையெல்லாம் திருப்பி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். அம்மா எதிரில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் பக்கத்தில் எத்தனை வட்டம் என்று எண்ணினேன். பன்னிரண்டாவது வரியில் மூன்று. பதின்மூன்றில் இரண்டு. அதற்கு மேலே இருந்த பதினொரு வரியும் அச்சடித்த மாதிரி நேராக இருந்தன.

அடுத்த பக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்கடுத்த பக்கம். பன்னிரண்டு. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் வட்டங்கள் பன்னிரண்டாவது வரிக்கு மேலே ஏறவே இல்லை.

பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். மைதானத்தில் கார் கிளம்பும்போது நான் முதல் வரி எழுதுவேன். பாலத்துக்கு வரும்போது பன்னிரண்டாவது வரி. மைதானத்தில் பத்து தடவையாவது காரை நிறுத்தி நிறுத்திக் கிளப்புகிறார் தையல் அக்கா. அங்கே என் எழுத்து ஏன் கோணவில்லை? அதே கால்தானே?

"அம்மா, தையல் அக்கா கால் முதல் அரை மணி நேரம் நல்லாத்தானே இருக்கு?"

"சமதரையில யாரு வேணா ஓட்டலாம். மேட்டுலதான் குட்டு வெளிப்படும்," என்றார் அம்மா, தலையைத் தூக்காமல்.

அதுவும் சரிதான். மனமில்லாமல் பக்கங்களைப் புரட்டினேன். போன செவ்வாய்க்கிழமை தேதியிட்ட பக்கத்தில் கை நின்றது. அன்றும் பன்னிரண்டாவது வரியில் மூன்று வட்டங்கள். ஆனால் அன்று தையல் அக்காவுக்குக் காய்ச்சல். அவர் வரவே இல்லை. அம்மாவே காரை ஓட்டி, மைதானத்துப் பக்கம் வேலையை முடித்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் போய்த் தேர்வு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அப்போ செவ்வாய்க்கிழமை உன் காலுக்கு என்னம்மா ஆச்சு?"

கத்தி நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். பார்த்தார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு... பெட்ரோல் சரியில்லைன்னு நெனச்சேன்."

"அதே பெட்ரோல்தானேம்மா தையல் அக்கா ஓட்டும்போதும் இருந்துச்சு?"

அன்று வெங்காயம் அரைகுறையாகவே கிடந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டதும் நாங்கள் நேராகத் தையல் கடைக்குப் போனோம். அம்மா தையல் அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்தார்.

"நீ ஓட்ட வேண்டாம். பின்னாடி பின்சீட்டு பக்கத்துல உக்காரு. இன்னைக்கு நான் ஓட்டறேன்."

மைதானத்தை அரை மணி நேரம் சுற்றினோம். கடைவீதியைத் தாண்டினோம். பாலத்து மேட்டில் அம்மா காரை நிறுத்தி, மறுபடி கிளப்பினார்.

கடக், கடக், கடக்.

"அக்கா, கால்! கால்!" என்று கத்திவிட்டார் தையல் அக்கா. கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

முன்சீட்டில் அம்மாவின் தோள் குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்களும் சிரித்தோம். பின்னால் ஹாரன்கள் அலறின, நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

மெக்கானிக் மாமாவின் பட்டறை பாலத்தின் மறுபக்கம் இருந்தது. கிரீஸ் வாசனையும், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்களும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, இது வீட்டுப்பாட நோட்டு இல்ல. பொறுமையோட ஈ.சி.ஜி.!" என்றார் அம்மாவிடம். "நான் அன்னைக்குக் காலையில, ஆறிப்போன என்ஜினைப் பார்த்தேன். அது நல்ல பிள்ளை மாதிரி ஓடிக் காட்டிடுச்சு. சூடானதுக்கு அப்புறம், மேட்டுல மட்டும் என்ஜின் விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்குதுன்னா எனக்குக் காயில் மேலதான் சந்தேகம்."

பானெட்டைத் திறந்தார். என்ஜின் தலையில் கறுப்பாக நான்கு குச்சிகள் வரிசையாகச் செருகியிருந்தன.

"இது நாலும் காயில். என்ஜினுக்குள்ள நாலு அறை. ஒவ்வொரு அறையிலயும் பெட்ரோலும் காத்தும் கலந்து நிக்கும். அதைப் பத்த வைக்க ஒரு பொறி வேணும். ஆனா பேட்டரியில இருக்கிறது வெறும் பன்னிரண்டு வோல்ட். அதுக்குப் பொறி பறக்காது. காயில்தான் அதைப் பல ஆயிரம் வோல்ட்டா ஏத்திக் குடுக்குது."

"இந்தக் குச்சியா? இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கம்பி. சுத்திச் சுத்தி வச்ச கம்பி."

"பாபின்ல நூல் சுத்தற மாதிரியா?" என்றார் தையல் அக்கா.

"அட, அதேதான்! ரெண்டு பாபின்னு வச்சுக்கம்மா. ஒண்ணுல கொஞ்சம் தடிச்ச கம்பி, நூத்துக்கணக்குல சுத்து. இன்னொண்ணுல தலைமுடி மாதிரி மெல்லிசுக் கம்பி, ஆயிரக்கணக்குல சுத்து. முதல் கம்பியில கரன்ட்டை ஓட விட்டு, பட்டுனு நிறுத்தணும். நிறுத்தின அந்த நொடியில ரெண்டாவது கம்பியில பெரிய வோல்ட் துள்ளிக் கிளம்பும். நேரா ப்ளக்குக்குப் போகும். ப்ளக் முனையில ஒரு சின்ன இடைவெளி. அதைத் தாண்டும்போது பளிச்னு பொறி!"

"அது உடைஞ்சிடுச்சா?"

"மேல இருக்கிற ப்ளாஸ்டிக்ல கீறல் விழுந்திருக்கலாம். சூடானா கீறல் விரியும். மேடு ஏற நல்ல பொறி வேணும், அப்போ பார்த்துக் கரன்ட் ப்ளக்குக்குப் போகாம கீறல் வழியா ஓடிப்போயிடும். நாலு பேர் தூக்கற மூட்டையை மூணு பேர் தூக்கினா எப்படி இருக்கும்? அதான் உதறுது. ஆறிட்டா கீறல் மூடிக்கும். ஒண்ணும் தெரியாது." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்தக் காயில்னு கண்டுபிடிக்கணும். பூப்போலத் தண்ணி தெளிச்சாத் தெரிஞ்சிடும். ஆனா என் பாட்டில்ல எண்ணெய் இருக்கு."

தையல் அக்கா தன் பையைத் திறந்தார். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டில் அதற்குள் இருந்தது.

மெக்கானிக் மாமா எங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். "யாரும் கிட்ட வரக்கூடாது. இது என் வேலை." பட்டறையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். பட்டப்பகலில் உள்ளே இருட்டானது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதல் காயில்மேல் லேசாகத் தெளித்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவது காயிலில் தண்ணீர் பட்டதும் 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. இருட்டில் ஒரு நீலப்பொறி, குட்டிப் பாம்பு மாதிரி நெளிந்து மறைந்தது. கார் 'கடக்' என்று உதறியது.

"மாட்டிக்கிட்டான்!" என்று நானும் தையல் அக்காவும் ஒன்றாகக் கத்தினோம்.

அந்த நீலத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் ஒரு கருவியைச் செருகினால் எந்தக் காயில் என்று திரையில் எழுத்தாகவே வந்துவிடுகிறது.

மெக்கானிக் மாமா ஷட்டரை ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆனா இப்படி இருந்தா, என்ஜின்ல கோளாறுன்னு சொல்ற மஞ்சள் விளக்கு எரிஞ்சிருக்கணுமே? அதெங்கே?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளி நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டியது நான்தான். ஒட்டச் சொன்னது அம்மா. போன வருடம் பெட்ரோல் மூடி சரியாக மூடாமல் அந்த விளக்கு எரிந்தபோது, பழக வந்த ஒருவர் பயந்து ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். "பழக வர்றவங்க பயப்படறாங்க, மறைச்சு வை" என்றார் அம்மா. நான் என்னிடம் இருந்ததிலேயே அழகான ஸ்டிக்கரை ஒட்டினேன்.

மாமா நகத்தால் அதை உரித்தார். அடியில் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிந்ததோ.

"பொறுமை சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாமதான் வாயைப் பொத்தி வச்சிருக்கோம்," என்றார் அம்மா மெதுவாக. பிறகு, "நாலு காயிலையும் மாத்திடுங்க அண்ணே" என்றார்.

"ஒருத்தனுக்குப் பல்வலின்னா நாலு பேருக்கும் பல்லைப் பிடுங்குவியா தங்கச்சி? காயிலுக்கு, எண்ணெய் மாத்தற மாதிரி இத்தனை கிலோமீட்டர்னு கணக்கு கிடையாது. நல்லா இருக்கிற வரைக்கும் தொடாதே. உதறினா, கிளம்ப அடம் பிடிச்சா, வழக்கத்தைவிடப் பெட்ரோல் கூடக் குடிச்சா, இந்த விளக்கு எரிஞ்சாக் கொண்டு வா. ஆனா ப்ளக் நாலையும் மாத்தறேன். தேஞ்சுபோச்சு. முனையில இடைவெளி கூடினா, பொறி தூரமாத் தாண்டணும். அந்தப் பாடு காயில் தலையிலதான் விடியும்."

புதிய காயில் உள்ளே போனது. பழைய மூன்றாவது காயிலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் தலையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதன்மேல் என் நட்சத்திரத்தை ஒட்டினேன். காயம் பட்டால் ப்ளாஸ்திரி போடுவோமே, அப்படி.

அம்மா சாவியைத் தையல் அக்காவிடம் நீட்டினார்.

"மூணு மாசமா உன்னைக் கால், கால்னு திட்டிட்டேன். தப்பு உன் கால்ல இல்லம்மா. கூடம் நிஜமாவே கோணல். நீ சொன்னப்போ நான் கேட்டிருக்கணும்."

தையல் அக்கா சாவியை வாங்கவில்லை. "எனக்கு மேடுன்னாலே பயமா இருக்குக்கா."

அம்மா ஒரு காரியம் செய்தார். பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்து பிரேக்கும் கிளட்ச்சும் கீழே தனியாகக் கிடந்தன. அம்மா அப்படி உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"என் கால் இங்கேதான் இருக்கும். நீயே ஓட்டு."

பாலத்து மேட்டில் தையல் அக்கா காரை நிறுத்தினார். நான் நோட்டைத் திறந்து பேனாவை வைத்தேன். ஒரு மூச்சு. கிளட்ச். பொறுமை 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு, வெண்ணெயில் வழுக்கின மாதிரி மேலே ஏறியது. என் வரி கோணவில்லை. பாலத்தின் உச்சியில் தையல் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"அழறதுன்னா ஓரமா நிறுத்திட்டு அழு," என்றார் அம்மா. "இண்டிகேட்டர் போட்டுட்டு."

சனிக்கிழமை நானும் அம்மாவும் தேர்வு மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். மேட்டில் கார் நின்றது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். கார் நகர்ந்தது. ஏறியது. இறங்கியது. அதிகாரி தாளில் ஏதோ எழுதினார், பெருக்கல் குறி மாதிரித் தெரியவில்லை. தையல் அக்கா கதவைத் திறந்து, முதலில் வலது காலை மட்டும் வெளியே நீட்டி எங்களுக்கு ஆட்டிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வேனை வாங்க வந்தவருக்கு ஒரு டீயும் ஒரு மன்னிப்பும் கிடைத்தன.

பொறுமை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. தாள்கள் பறக்காமல் இருக்க அந்த மூன்றாவது காயிலை அவற்றின்மேல் வைத்திருக்கிறேன். நட்சத்திரம் பாதி நிறம் போய்விட்டது. மேசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்சீட்டு மாதிரி வராது.

அந்த வருடத்து நோட்டும் என்னிடம் இருக்கிறது. தையல் அக்காவின் உரிமம் கைக்கு வந்த அடுத்த நாள் எழுதிய பக்கத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாடா! ஒருவழியா வீட்டுல, மேசை மேல வச்சு எழுதினியா?"

"இல்ல டீச்சர்," என்றேன். "தையல் அக்கா வேன்ல, பாலத்து மேல எழுதினேன்."